கோப்பு அடுக்குவதும் அறிவியல்தான்

முழங்கால் வலியால் அவதிப்படும் ஒருவர், யாரோ சொன்னார்கள் என்று ஒரு தைலத்தை வாங்கித் தேய்க்கிறார். இரண்டு வாரத்தில் வலி பாதியாகக் குறைகிறது. அதன்பிறகு பார்ப்பவரிடமெல்லாம் அந்தத் தைலத்தின் பெயரைச் சொல்லி அனுப்புகிறார். அவர் பொய் சொல்லவில்லை. தைலம் தேய்த்ததும் உண்மை, வலி குறைந்ததும் உண்மை. தைலத்தால்தான் வலி குறைந்தது என்பது மட்டும் இன்னும் நிரூபணமாகவில்லை.

மூட்டு வலி ஒரே அளவில் நிற்பதில்லை. சில வாரம் ஏறும், சில வாரம் இறங்கும். தாங்க முடியாத நிலைக்கு வலி போகும்போதுதான் ஆள் மருந்து தேடிக் கிளம்புவார். உச்சத்துக்குப் போன வலி பெரும்பாலும் அடுத்து இறங்கத்தான் செய்யும், தைலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். வலி வந்த நாளிலிருந்து அவர் மாடிப்படி ஏறுவதையும் தரையில் சம்மணம் போட்டு உட்காருவதையும் குறைத்திருப்பார், அதனாலும் குறைந்திருக்கலாம். நல்ல மருந்து கிடைத்துவிட்டது என்ற நம்பிக்கைக்கே வலியைத் தணிக்கும் சக்தி உண்டு. இவற்றில் எதன் பங்கு எவ்வளவு என்று அவரைக் கேட்டுப் பயனில்லை. தைலம் தேய்க்காமல் இருந்திருந்தால் அந்த இரண்டு வாரத்தில் தன் முழங்கால் எப்படி இருந்திருக்கும் என்பது அவருக்கும் தெரியாது.

புதிய மருந்து ஒன்றைக் கண்டுபிடித்த பயோடெக் நிறுவனமும் இதே இடத்தில்தான் நிற்கிறது. மருந்து கொடுத்தோம், நோயாளி தேறினார் என்று சொன்னால் போதாது. கொடுக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் காட்ட வேண்டும். அதைக் காட்டுவதற்கான முறைதான் கிளினிக்கல் ட்ரையல். இக்கட்டுரையில் அதை மருந்தாய்வு என்றே அழைப்போம்.

அப்படிப்பட்ட நிறுவனத்தின் மருந்தாய்வுப் பிரிவில் இன்டர்ன்ஷிப்புக்கு ஒரு மாணவர் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பி.டெக். பயோடெக்னாலஜியோ பி.ஃபார்மோ படிப்பவர். வெள்ளைக் கோட்டும் பைப்பெட்டும் நுண்ணோக்கியும் காத்திருக்கும் என்று எண்ணிப் போனவருக்கு ஒரு லேப்டாப்பும், படித்து முடிக்க வேண்டிய நடைமுறைக் கையேடுகளும் கொடுக்கப்படுகின்றன. பிறகு வேலை தொடங்குகிறது. இந்தக் கோப்பில் கையெழுத்து விடுபட்ட பக்கங்களைக் கண்டுபிடி. இந்த அட்டவணையில் தேதிகள் ஒத்துப்போகின்றனவா பார். இந்த மருத்துவமனையிலிருந்து வரவேண்டிய சான்றிதழ்களில் எது வரவில்லை என்று பட்டியல் போடு. ‘இதற்கா இவ்வளவு படித்தோம்?’ என்ற கேள்வி ஒரு வாரத்துக்குள் அவருக்கு வந்துவிடும்.

நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல, மருந்தாய்வு என்னும் முறை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதை அடித்தளத்திலிருந்து பார்க்க வேண்டும்.

ஒப்பிடுவது

1747ஆம் ஆண்டு, பிரிட்டிஷ் போர்க்கப்பல் சாலிஸ்பரி. கப்பல் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட். நீண்ட கடற்பயணத்தில் மாலுமிகளின் ஈறுகள் அழுகி, உடல் தளர்ந்து சாகும் ஸ்கர்வி நோய்க்கு அன்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். லிண்ட், நோயின் நிலை ஏறக்குறைய ஒன்றாக இருந்த 12 பேரைத் தேர்ந்தெடுத்தார். எல்லோருக்கும் ஒரே இடம், ஒரே அடிப்படை உணவு. இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஆறு ஜோடிக்கு ஆறு வைத்தியம் கொடுத்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட இருவர்தான் வேகமாகத் தேறினார்கள்.

இங்கே லிண்ட் செய்த புதுமை எலுமிச்சை அல்ல. மற்ற ஐந்து ஜோடிகளை அருகில் வைத்துப் பார்த்தது. எலுமிச்சை கிடைக்காதவர்களுக்கு என்ன ஆனது என்று அதே கப்பலில், அதே நாட்களில் கண்முன்னே தெரிந்தது. இன்று இதை ஒப்பீட்டுக் குழு என்கிறோம். லிண்ட் இந்தச் சோதனையைத் தொடங்கிய மே 20ஆம் தேதிதான் உலக மருந்தாய்வு நாளாகக் கொண்டாடப்படுகிறது. ஆனால் பிரிட்டிஷ் கடற்படை மாலுமிகளுக்கு எலுமிச்சைச் சாறு கொடுக்க உத்தரவிட்டது 1795இல்தான்.

யாருக்கு எது என்று யார் முடிவு செய்வது?

லிண்டின் முறையில் ஓர் ஓட்டை இருக்கிறது. எந்த இருவருக்கு எலுமிச்சை என்று முடிவு செய்தவர் அவரே. பிழைத்துக்கொள்வார் என்று தோன்றுகிறவருக்குப் புதிய மருந்தைக் கொடுத்துவிட்டு, மோசமான நிலையில் இருப்பவரை ஒப்பீட்டுக் குழுவில் போட்டால் மருந்து தானாகவே நன்றாக வேலை செய்வதுபோலத் தெரியும். வேண்டுமென்றே செய்ய வேண்டியதில்லை. மருத்துவரின் இரக்கமோ நம்பிக்கையோ அவரை அறியாமலே கையை அந்தப் பக்கம் நகர்த்திவிடும்.

இதற்கான தீர்வு, முடிவை மனிதர் கையிலிருந்து பிடுங்கிவிடுவது. புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் அதைச் செய்துகாட்டிய ஆய்வு 1948இல் வெளியானது. காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் அப்போதுதான் வந்திருந்தது. போருக்குப் பிந்தைய பிரிட்டனில் எல்லா நோயாளிகளுக்கும் கொடுக்கும் அளவுக்கு மருந்து கிடையாது. எப்படியும் சிலருக்குத்தான் கிடைக்கும் என்னும்போது, அந்தச் சிலரைச் சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுத்தார்கள். யாருக்கு எது என்ற விவரம் எண்ணிட்ட உறைகளில் ஒட்டி வைக்கப்பட்டிருந்தது. ஒரு நோயாளியை ஆய்வில் சேர்க்கலாம் என்று முடிவான பிறகுதான் அவருக்குரிய உறை பிரிக்கப்படும். அதுவரை உள்ளே என்ன இருக்கிறது என்பது சேர்த்த மருத்துவருக்கே தெரியாது.

ஸ்ட்ரெப்டோமைசினும் படுக்கை ஓய்வும் பெற்றவர்கள் 55 பேர். படுக்கை ஓய்வு மட்டும் பெற்றவர்கள் 52 பேர். ஆறு மாத முடிவில் முதல் குழுவில் 4 பேரும் இரண்டாவது குழுவில் 14 பேரும் இறந்திருந்தார்கள். வயது, நோயின் முற்றிய நிலை, வறுமை, உடல்வாகு என்று கணக்கில் எடுக்க முடிந்ததும் முடியாததுமான எல்லா வேறுபாடுகளையும் உறைகள் இரு பக்கமும் ஏறக்குறைய சமமாகப் பிரித்துவிட்டதால், மிஞ்சிய வித்தியாசத்துக்குப் பெரும்பாலும் மருந்தே காரணம் என்று சொல்ல முடிந்தது.

கதை அங்கே முடியவில்லை. அதே நோயாளிகளை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது 55 பேரில் 32 பேரும், 52 பேரில் 35 பேரும் இறந்திருந்தார்கள். ஆறு மாதத்தில் அவ்வளவு தெளிவாகத் தெரிந்த வித்தியாசம் கரைந்துபோயிருந்தது. கிருமிகள் ஸ்ட்ரெப்டோமைசினை எதிர்த்து நிற்கக் கற்றுக்கொண்டதே முக்கியக் காரணம். காசநோய்க்கு ஒரே மருந்தைத் தனியாகக் கொடுக்கக் கூடாது, கூட்டாகத்தான் கொடுக்க வேண்டும் என்ற பாடத்துக்கு இந்த அனுபவம் வழிவகுத்தது. ஐந்து ஆண்டுகள் விடாமல் பதிவேட்டை வைத்திருந்ததால் தெரியவந்த உண்மை இது.

டம்மி எண்ணின் தத்துவம்

சமவாய்ப்பு ஒதுக்கீடு குழுக்களைச் சமமாகத் தொடங்கி வைக்கும். ஆனால் ஆய்வு நடக்கும்போது யாருக்கு எது கிடைத்தது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தால், சமநிலை மறுபடி குலையும். மருந்து கிடைத்தவர் தேறிவிட்டதாக உணர்வார். கிடைக்காதவர் சலித்துப்போய் ஆய்விலிருந்து விலகுவார். எக்ஸ்ரே பார்க்கும் மருத்துவருக்கு மருந்து பெற்றவரின் நுரையீரல் கொஞ்சம் தெளிந்ததுபோலத் தெரியும்.

பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முறை நமக்குத் தெரியும். மாணவரின் பெயரும் பதிவெண்ணும் உள்ள பகுதியைப் பிரித்துவிட்டு, டம்மி எண்ணோடுதான் தாள் ஆசிரியரிடம் போகிறது. எந்த டம்மி எண் எந்த மாணவருடையது என்ற பட்டியல் வேறோர் இடத்தில் பத்திரமாக இருக்கும். எல்லாத் தாளும் திருத்தி, மதிப்பெண் பதிவு செய்த பிறகுதான் இரண்டையும் சேர்ப்பார்கள். மருந்தாய்விலும் இதுவேதான். மருந்தும், அதைப் போலவே தோற்றமளிக்கும் வெற்று மருந்தும் ஒரே மாதிரி டப்பாக்களில் குறியீட்டு எண்ணோடு வரும். நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. எனவே இரட்டை மறைப்பு. ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வில் நோயாளிகளுக்குப் போலி ஊசி போடவில்லை என்றாலும், எக்ஸ்ரே படங்களை மதிப்பிட்டவர்களுக்கு அவை எந்தக் குழுவைச் சேர்ந்தவை என்பது சொல்லப்படவில்லை.

பட்டியலைத் திறப்பதற்கு முன்பு இன்னொரு படி உண்டு. எல்லாத் தகவலும் வந்து, சந்தேகங்கள் தீர்ந்து, இனி ஓர் எண்ணைக்கூட மாற்ற முடியாதபடி தரவுத்தளத்தைப் பூட்டுவார்கள். எந்தக் கணக்கை எப்படிப் போடப் போகிறோம் என்ற திட்டமும் அதற்கு முன்பே எழுதிக் கையெழுத்தாகியிருக்க வேண்டும். பூட்டிய பிறகுதான் யார் எந்தக் குழு என்ற ரகசியம் உடைபடும். முடிவைப் பார்த்துவிட்டு விதியை மாற்றும் சபலத்துக்கு இடமே இல்லை. இன்டர்ன்ஷிப் மாணவர்கள் சரிபார்க்கும் தேதிகளும் கையெழுத்துகளும் பெரும்பாலும் இந்தப் பூட்டை நோக்கிப் போகும் வழியில் உள்ளவை.

நியாயமாகத் தோன்றுவது போதாதா?

இவ்வளவு சிரமம் எதற்கு, உடலியங்கியல் நமக்குத் தெரியாதா என்று கேட்கலாம். அதற்கு 1980களின் இறுதியில் அமெரிக்காவில் நடந்த காஸ்ட் என்ற ஆய்வு பதில் சொன்னது. மாரடைப்பு வந்து பிழைத்தவர்களில் இதயத் துடிப்பு தாறுமாறாக இருப்பவர்கள் திடீரென்று இறக்கும் வாய்ப்பு அதிகம். என்கெய்னைடு, ஃப்ளெக்கெய்னைடு ஆகிய மருந்துகள் அந்தத் தாறுமாறான துடிப்பை நன்றாகவே அடக்கின. எனவே அவை உயிரைக் காப்பாற்றும் என்று நினைத்தார்கள். இதில் எங்கே தவறு இருக்க முடியும்?

மருந்து பெற்ற 755 பேரில் 63 பேர் இறந்தார்கள். வெற்று மருந்து பெற்ற 743 பேரில் இறந்தவர்கள் 26 பேர். இ.சி.ஜி.யில் துடிப்பு அழகாக இருந்தது, ஆள்தான் இருக்கவில்லை. அந்த ஆய்வு நடக்காமல் இருந்திருந்தால், மருந்து சாப்பிட்டு இறந்த ஒவ்வொருவரின் மரணத்துக்கும் ஏற்கெனவே இருந்த இதய நோயையே காரணமாகச் சொல்லியிருப்பார்கள். எந்த மருத்துவரும், எந்தக் குடும்பமும் சந்தேகப்பட்டிருக்காது. தனித்தனி நோயாளியைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத ஆபத்து, இரண்டு குழுக்களை எண்ணிப் பார்த்ததால் வெளிப்பட்டது.

சேத்துப்பட்டில் நடந்தது

உலகமே பின்பற்றிய மருந்தாய்வு ஒன்று நம் சென்னையில் நடந்திருக்கிறது. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மதராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை சேர்ந்து சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் தொடக்கம் அதுதான்.

காசநோய் என்றால் சானடோரியம் என்பது அன்றைய வழக்கம். நல்ல காற்று, முழு ஓய்வு, சத்தான உணவு, செவிலியர் கவனிப்பு இல்லாமல் நோய் தீராது என்று நம்பினார்கள். இந்தியாவில் இருந்த நோயாளிகளின் எண்ணிக்கைக்கு அத்தனை படுக்கைகள் எந்தக் காலத்திலும் கட்ட முடியாது. வீட்டிலேயே மாத்திரை கொடுத்தால் என்ன ஆகும்? சென்னையின் ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த நோயாளிகளைச் சமவாய்ப்பு முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழு சானடோரியத்துக்குப் போனது. இன்னொரு குழு நெரிசலான வீட்டில், கிடைத்த சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தது. இரு குழுவுக்கும் ஓராண்டு அதே மாத்திரைகள்: ஐசோநியாசிடும் பி.ஏ.எஸ்.ஸும்.

வீட்டில் இருப்பவர் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்பது எப்படித் தெரியும்? சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மிச்சமிருந்த மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரில் மருந்தின் தடயம் இருக்கிறதா என்று சோதித்தார்கள். 1959இல் முடிவு வெளியானது. வீட்டுச் சிகிச்சை பெற்றவர்கள் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறக்குறைய இணையாகவே குணமடைந்திருந்தார்கள். அவர்களோடு ஒரே கூரைக்குக் கீழ் வாழ்ந்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதல் ஆபத்து இல்லை. காசநோய் சிகிச்சை உலகெங்கும் சானடோரியத்தை விட்டு வெளியே வந்ததில் இந்தச் சென்னை ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. எண்ணிய மாத்திரையும் எழுதிய பதிவேடும் இல்லாமல் இந்த முடிவுக்கு ஒரு மதிப்பும் இருந்திருக்காது.

ஒரு தேதியின் எடை

இப்போது சமீபத்திய உதாரணத்துக்கு வருவோம். மாடர்னா 2010இல் தொடங்கப்பட்ட அமெரிக்க பயோடெக் நிறுவனம். பத்து ஆண்டுகளாக ஒரு மருந்தைக்கூட அது சந்தைக்குக் கொண்டுவந்திருக்கவில்லை. அதன் கோவிட் தடுப்பூசியின் மூன்றாம் கட்ட ஆய்வு 2020 ஜூலை 27இல் தொடங்கியது. 99 மையங்களில் 30,420 பேர் சேர்ந்தார்கள். பாதிப் பேருக்குத் தடுப்பூசி, பாதிப் பேருக்கு உப்புநீர்.

அறிகுறியுடன் கோவிட் வந்ததாக உறுதியானவர்கள் மொத்தம் 196 பேர். உப்புநீர்க் குழுவில் 185, தடுப்பூசிக் குழுவில் 11. அதிலிருந்துதான் 94.1 சதவீதம் என்ற புகழ்பெற்ற எண் பிறந்தது. முப்பதாயிரம் பேர் கலந்துகொண்ட ஆய்வின் தீர்ப்பு இருநூறுக்கும் குறைவான நிகழ்வுகளின் மேல், குறிப்பாக அந்த 11இன் மேல் நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். அதில் நாலைந்து தவறாக எண்ணப்பட்டிருந்தாலும் எண் மாறிப்போகும்.

எதை எண்ணுவது என்பதற்கும் விதி இருந்தது. இரண்டாவது ஊசி போட்டு 14 நாட்கள் கழிந்த பிறகு தொடங்கிய நோயே முதன்மைக் கணக்கில் சேரும். அதற்கு முன் வந்தது அந்தக் கணக்கில் சேராது. ஆகவே ஒவ்வொரு நோயாளிக்கும் ஊசி போட்ட தேதியும் அறிகுறி தொடங்கிய தேதியும் துல்லியமாக வேண்டும். ஒரு படிவத்தில் 03/10/2020 என்று எழுதியிருக்கிறது. நமக்கு அது அக்டோபர் 3. அமெரிக்கருக்கு மார்ச் 10. பல நாடுகளில் நடக்கும் ஆய்வுகளில் இந்தக் குழப்பம் வராமல் இருக்கத்தான் மாதத்தை எழுத்தில் எழுதச் சொல்கிறார்கள். தேதி சரிபார்க்கும் மாணவர், ஒருவர் கணக்கில் சேர்வாரா மாட்டாரா என்பதைச் சரிபார்க்கிறார்.

அளவீடுகளுக்கும் இதே கதிதான். ஒரு மருத்துவமனை ரத்தச் சர்க்கரையை நாம் வழக்கமாகப் பார்க்கும் அலகில் 100 என்று எழுதும். இன்னொரு நாட்டு மருத்துவமனை வேறு அலகில் அதே சர்க்கரையை 5.6 என்று எழுதும். அலகைக் கவனிக்காமல் இரண்டையும் ஒரே பத்தியில் போட்டால் ஒருவர் செத்துப் பிழைத்ததாகத் தோன்றும். கணினி இப்படிப்பட்ட முரண்களைக் கொடி காட்டும். அதைப் பார்த்து மருத்துவமனைக்கு விளக்கம் கேட்டு அனுப்புவதற்குத் துறையில் ‘கொயரி’ என்று பெயர். திறந்திருக்கும் கொயரிகளைப் பட்டியலிட்டு, பதில் வந்ததை உறுதி செய்வது மாணவர்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் வேலை. ஒரு விதி மட்டும் கண்டிப்பானது. விடையை நாமே ஊகித்து நிரப்பக் கூடாது. ஓர் எண் எழுத்துப்பிழை என்று எவ்வளவு உறுதியாகத் தெரிந்தாலும், மூலப் பதிவைப் பார்த்து மருத்துவமனைதான் திருத்த வேண்டும்.

காலியாக இருக்கும் கட்டமும் ஒரு தகவல்தான். நான்காவது வாரப் பரிசோதனைக்கு ஒருவர் வரவில்லை. மருந்து சேராமல் வாந்தி எடுத்து, வெறுத்துப்போய் நின்றுவிட்டாரா? அப்படிப் பலர் நின்றிருந்தால், மிஞ்சியிருப்பவர்களை மட்டும் பார்க்கும்போது மருந்து எல்லோருக்கும் ஒத்துக்கொண்டதுபோலத் தெரியும். அதனால்தான் விலகியவர்களையும் அவரவர் சேர்ந்த குழுவிலேயே வைத்துக் கணக்கிடுகிறார்கள். விலகியதற்கான காரணம் பதிவாகியிருக்கிறதா என்று மறுபடி மறுபடி கேட்பதன் பின்னணி இது.

கோப்பு எதற்கு?

மாணவர் அடுக்கிக்கொண்டிருக்கும் அந்தப் பெரிய கோப்புக்கு ட்ரையல் மாஸ்டர் ஃபைல் என்று பெயர். இப்போது பெரும்பாலும் மின்கோப்பு. ஆய்வுத் திட்டத்தின் ஒவ்வொரு திருத்தமும், நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதங்களும், மருத்துவர்களின் தகுதிச் சான்றுகளும், யார் எந்த வேலையைச் செய்ய அதிகாரம் பெற்றவர் என்ற பட்டியலும், மருந்து வைத்திருந்த குளிர்பெட்டியின் வெப்பநிலைப் பதிவும் அதில் இருக்கும். ஆய்வில் இல்லாத ஓர் அந்நியர், சில ஆண்டுகள் கழித்து அந்தக் கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு, நடந்ததை முழுக்க மறுபடி கட்டிப் பார்க்க முடிய வேண்டும். அனுமதி தரும் அரசு ஆய்வாளர் அப்படிப்பட்ட அந்நியர்தான். அவர் உங்களை நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை, கோப்பைத்தான் நம்புவார்.

2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டிய மருந்து ஓர் இரவு முழுக்க 15 டிகிரியில் கிடந்தது என்று வையுங்கள். மருந்தின் வீரியம் குறைந்திருக்கலாம். அதைப் போட்டுக்கொண்டவர்களுக்குப் பலன் தெரியாவிட்டால், குற்றம் மருந்தினுடையதா மின்வெட்டினுடையதா? வெப்பநிலைப் பதிவு இருந்தால் பதில் உண்டு. இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய புள்ளியியலாளராலும் சொல்ல முடியாது.

எழுதும் முறைக்கும் கட்டுப்பாடு உண்டு. யார் எழுதினார், எப்போது எழுதினார் என்று தெரிய வேண்டும். நடந்த அன்றே எழுதியிருக்க வேண்டும். தவறாக எழுதிவிட்டால் அதன்மேல் ஒரே ஒரு கோடு, பக்கத்தில் சரியான விவரம், சுருக்கொப்பம், தேதி. அடித்தது என்ன என்பது படிக்கும்படி இருக்க வேண்டும். வொய்ட்னர் பூசினால் பெரிய குற்றம். மின்பதிவிலும் பழைய எண், புதிய எண், மாற்றியவர், மாற்றிய நேரம் எல்லாம் தானாகவே பதிவாகும். தவறு நடப்பதை யாரும் தடுக்க முடியாது. தவறு நடந்ததே தெரியாமல் போவதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு.

ஆய்வுக்குத் தன்னைத் தந்தவர்

ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வின் ஒப்பீட்டுக் குழுவில் இருந்தவர்களுக்குத் தாங்கள் ஓர் ஆய்வில் இருக்கிறோம் என்பதே சொல்லப்படவில்லை. இன்று அப்படி நடத்த முடியாது. நாஜி முகாம்களில் நடந்த கொடுமைகளுக்குப் பிறகு 1947இல் வந்த நியூரம்பெர்க் விதிகளும், 1964இன் ஹெல்சிங்கி பிரகடனமும், சம்மதம் இல்லாமல் யாரையும் சோதனைக்கு உட்படுத்தக் கூடாது என்பதை அடிப்படையாக்கின. இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருந்தாய்வு விதிகள் இதைச் சட்டமாக வைத்திருக்கின்றன. ஆய்வை அனுமதிக்கும் நெறிமுறைக் குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும். அவர்களில் மருத்துவம் சாராத பொதுமகன் ஒருவரும், சட்டம் தெரிந்தவர் ஒருவரும், பெண் உறுப்பினர் ஒருவரும் கட்டாயம்.

ஆய்வில் சேர்ந்தவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாலோ, உயிருக்கு ஆபத்து வந்தாலோ, இறந்தாலோ 24 மணி நேரத்துக்குள் ஆய்வு மருத்துவர் தகவல் கொடுத்தாக வேண்டும். பைக்கில் போய் விழுந்து கால் முறிந்து மருத்துவமனையில் சேர்ந்தாலும் கொடுக்க வேண்டும். மருந்துக்கும் விபத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். மருந்து தலைசுற்றலை உண்டாக்குகிறது என்பது இன்னும் யாருக்கும் தெரியாத நிலையில், இப்படி மூன்று பேர் விழுந்த பிறகுதான் சம்பந்தம் புலப்படும். ஆகவே சம்பந்தம் உண்டா இல்லையா என்பதைப் பிறகு யோசிக்கலாம், முதலில் எழுது என்பது விதி.

சம்மதப் படிவத்தில் கையெழுத்தைச் சரிபார்ப்பதும் மாணவர் உதவும் வேலைதான். எந்தப் பதிப்பில் கையெழுத்திட்டார் என்று பார்ப்பார்கள். புதிய பக்கவிளைவு ஒன்று தெரிந்து படிவம் திருத்தப்பட்ட பிறகும் பழைய படிவத்தில் கையெழுத்து வாங்கியிருந்தால், அந்த ஆபத்தைச் சொல்லாமலே சம்மதம் வாங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கையெழுத்திட்ட தேதி முதல் ரத்த மாதிரி எடுத்த தேதிக்குப் பிந்தியதாக இருந்தால், கேட்காமலே ஊசி குத்தியிருக்கிறார்கள். காகிதத்தில் இவை இரண்டும் சின்னக் குறைகள். அந்த மனிதரின் பக்கத்திலிருந்து பார்த்தால் பெரிய அநீதிகள்.

பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு

முதலில் எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்ளுங்கள். பயிற்சி மாணவர் பொதுவாக நோயாளியைப் பார்ப்பதில்லை. யாருக்கு எந்த மருந்து என்ற ரகசியம் அவரிடம் வராது. எந்தத் தரவையும் அவர் திருத்த முடியாது. நல்ல மருந்தாய்வு நடைமுறை பற்றிய பயிற்சியை முடித்துச் சான்று வாங்காமல் எந்தக் கோப்பையும் தொடவும் முடியாது. இந்த வேலிகள் உங்கள்மேல் உள்ள அவநம்பிக்கையால் போட்டவை அல்ல. நிறுவனத் தலைவருக்கும் இதே வேலிதான்.

இரண்டாவது, சலிப்பான வேலையைச் செய்யும்போது அது எந்தத் தவறைத் தடுக்கிறது என்று கேளுங்கள். உறை பிரித்த நேரம் எதற்கு? குளிர்பெட்டி வெப்பநிலை எதற்கு? ஒவ்வொன்றின் பின்னாலும், அது இல்லாததால் எங்கேயோ ஒரு முடிவு கெட்டுப்போன கதை இருக்கும். மேலாளரிடம் கேட்டால் சொல்வார்.

மூன்றாவது, பெரும்பாலான மருந்துகள் தோற்கும் என்பதை மனதில் வையுங்கள். மனிதரிடம் முதல் கட்ட ஆய்வுக்கு வரும் மருந்துகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுதான் அனுமதி பெறுகிறது. நீங்கள் மாதக்கணக்கில் அடுக்கிய கோப்பு, மருந்து வேலை செய்யவில்லை என்று நிரூபிக்கும் கோப்பாகவே முடியலாம். காஸ்ட் ஆய்வு அப்படித்தான் முடிந்தது. அது காப்பாற்றிய உயிர்கள் ஏராளம்.

பயிற்சிக்குப் போவதற்கு முன் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது. இந்தியாவில் நடக்கும் மருந்தாய்வுகளை முன்கூட்டியே பதிவு செய்வதற்கான சி.டி.ஆர்.ஐ. பதிவேடு 2007இல் தொடங்கப்பட்டது. 2009 ஜூன் 15 முதல் பதிவு கட்டாயம். எந்த மருந்து, எத்தனை பேர், எதனோடு ஒப்பீடு, எதை அளக்கப் போகிறார்கள், எந்த ஊர் மருத்துவமனைகள் என்ற விவரமெல்லாம் அதன் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். உங்கள் வீட்டில் யாருக்காவது இருக்கும் ஒரு நோயின் பெயரைக் கொடுத்துத் தேடுங்கள். வரும் ஆய்வுகளில் ஒன்றை எடுத்து, ஒப்பீட்டுக் குழு எது, ஒதுக்கீடு எப்படி, மறைப்பு உண்டா என்ற மூன்று கேள்விகளுக்கு விடை கண்டுபிடியுங்கள். மூன்றுக்கும் விடை சொல்லத் தெரிந்தவருக்கு முதல் நாள் கையில் கொடுக்கப்படும் கோப்பு வெறும் காகிதமாகத் தெரியாது.